12 மில்லிமீற்றர் தகடு போதுமா?

கேள்வி: கம்பஸ் புரொஜெக்டுக்காக மெல்லுருக்குத் தகட்டில் கே-ஒன்-சி (வெடிப்பு பரவாமல் உலோகம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று காட்டும் எண்) அளக்கப் போகிறோம். பஞ்சிகாவத்தையில் 12 மி.மீ. தகடுதான் கிடைத்தது. போதுமா? – மாணவர், வெள்ளவத்தை

பதில்: போதாது தம்பி, கிட்டவும் வராது. கே-ஒன்-சியை யீல்ட் பலத்தால் (உலோகம் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் தகைப்பால்) வகுத்து, வர்க்கித்து, 2.5ஆல் பெருக்குங்கள். தடிப்பும், வெடிப்புக்கு முன்னால் வெட்டுப்படாமல் மிஞ்சும் பகுதியும் அந்த அளவாவது இருக்க வேண்டும் என்பதுதான் கே-ஒன்-சி அளக்கும் ஏஎஸ்டிஎம் இ399 என்ற நியமச் சோதனையில் வழமையாகப் பார்க்கும் கணக்கு. உங்கள் உருக்குக்கு கே-ஒன்-சி 140 மெகாபஸ்கால் ரூட் மீற்றர், யீல்ட் 250 மெகாபஸ்கால் என்று வைத்தால் விடை ஏறக்குறைய 78 சென்ரிமீற்றர். அதை இழுக்கிற மெஷினுக்கு எங்கே போவது?

மெல்லிய தகட்டில் வெடிப்பு நுனியைச் சுற்றியுள்ள உலோகம் பக்கவாட்டில் தாராளமாகச் சுருங்கி, பெரிய வட்டாரமே நிரந்தரமாக நெளிந்துவிடும். அப்புறம் கிடைக்கும் எண் அந்தத் தடிப்புக்கு மட்டுந்தான், உலோகத்தின் குணம் அல்ல. 7075-டீ6 அலுமினியமென்றால் (கே-ஒன்-சி 25, யீல்ட் 500 என்று போட்டால்) 6 மி.மீ. சொச்சம்தான் வரும், உங்கள் 12 தாராளம். உருக்குத்தான் வேண்டுமென்றால் ஏஎஸ்டிஎம் இ1820இல் உள்ள ஜே-இன்ரெக்ரல் முறைக்கு (உலோகம் நெளிவதையும் சேர்த்து, வெடிப்பு வளரத் தேவையான சக்தியைக் கணிக்கும் முறை) மாறுங்கள், அதற்குச் சில மில்லிமீற்றரே போதும். வாளால் அறுத்த வெட்டோடு நிறுத்தாமல், களைப்புச் சுமை (திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் சுமை) கொடுத்துக் கூரிய வெடிப்பு வளர்க்க மறவாதீர்கள்.