துக்க நாட்களில் யூதப் பெண்கள் தலைவாரவும் மை தீட்டவும் கூடாதா?

தலைவாரலாம், மை தீட்டுவதற்குத்தான் தடை. அடக்கத்துக்குப் பின் வரும் ஏழு நாள் ‘ஷிவா’வில், நெருங்கிய உறவை இழந்த பெண் இன்பத்துக்காகக் குளிப்பதில்லை, ஆனால் முகம், கை, கால்களைக் குளிர்ந்த நீரால் கழுவலாம், அழுக்கையும் போக்கிக்கொள்ளலாம். பல வீடுகளில் கண்ணாடிகள் துணியால் மூடப்பட்டிருக்கும்.

16ஆம் நூற்றாண்டில் யூத மதச் சட்ட அறிஞர் யோசேப் காரோ தொகுத்த சட்டநூல், மணமான பெண் கணவனுக்கு அழகற்றவளாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, மை, செஞ்சாந்து ஆகியவற்றுக்கான தடையை அந்த ஏழு நாட்களோடு நிறுத்திவிடுகிறது. மணமாகி முப்பது நாள் நிறையாத புதுமணப்பெண்ணுக்கோ அந்த ஏழு நாட்களிலும் அலங்காரத்தை அனுமதிக்கிறது. துயரத்திலும் உயிரோடிருப்பவரை மறக்காத இந்தக் கரிசனம் என்னை நெகிழச் செய்கிறது.

முடி வெட்டுவதில்தான் கருத்து வேறுபாடு: காரோ ஏழு நாட்களுக்குப் பின் பெண்ணுக்கு அனுமதி தர, போலந்தின் கிராக்கோ நகரத்து மத அறிஞர் மோசே இசர்லஸ் அதை ஏற்கவில்லை, ஆகவே அஷ்கனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) மரபில் பொதுவாக முப்பது நாட்கள் காத்திருப்பார்கள்.