கள்ளிக்கொம்ப விட்டுட்டு எங்க போறீரு?

அண்ணாச்சிக்கு வணக்கம்,

எனக்கு சொந்த ஊரு இரணியல் பக்கம், இப்ப இங்கிலாந்துல பிரிஸ்டல்ல நர்ஸா இருக்கேன். இந்த சம்மர் (2025) முழுக்க பாட்டு கேட்டே தீத்துட்டேன். லீவ எல்லாம் சேத்து வச்சு ஜூன்ல கிளாஸ்டன்பரி மியூசிக் ஃபெஸ்டிவல் போனேன், டென்ட்லதான் படுக்கை, நீல் யங்க நேர்ல பாத்தாச்சு, 80 வயசுல ராட் ஸ்டூவர்ட் பாடுனதையும் கேட்டாச்சு. ஆகஸ்ட்ல நைட் ட்யூட்டி முடிச்ச கையோட லண்டன் பஸ் ஏறி ஆல்பர்ட் ஹால்ல ப்ராம்ஸ்னு கோடைக்கால வெஸ்டர்ன் கிளாசிக்கல் கச்சேரி, 8 பவுண்டு குடுத்து நின்னே கேட்டேன், என்னத்துக்குன்னு தெரியாம அழுதுட்டேன். நடுவுல பப்ல நடக்க சின்னச் சின்ன கச்சேரி வேற. 2026ல கிளாஸ்டன்பரி கிடையாது, அதனால அந்த லீவுல ஊருக்கு வரலாம்னு இருக்கேன். இந்தியாவுல எந்த மியூசிக் ஃபெஸ்டிவலுக்கு போகலாம்? நம்ம ஊர்ல ஒண்ணும் கிடையாது, அதான் கேக்கேன். கச்சேரிய போன்ல வீடியோ எடுக்கது தப்பா? அப்பா வேற பாட்டுக்கு இவ்வளவு காச தொலைக்கியேன்னு ஏசுறாரு, ஆனா அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி குடுக்க மட்டும் வருஷா வருஷம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுறாரு. நான் வந்து பாக்கவா போறேன், என் பேரு நோட்டீஸ்லயாவது வருமா?

ஜெ., பிரிஸ்டல்

மக்ளே ஜெ.,

நீ கேட்டத மொதல்ல வேகமா முடிச்சிருகேன். டிசம்பர்ல வந்தா சென்னை, மியூசிக் அகாடமி 1928ல ஆரம்பிச்சது, அதச் சுத்தி எத்தன சபா, சாப்பாட்டுக்கும் கொறவில்ல. தை மாசம் திருவையாறு தியாகராஜர் ஆராதனை. புரட்டாசி நவராத்திரிக்கு வந்தா நம்ம பத்மநாபபுரத்து சரஸ்வதியும் குமாரகோயில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமா திருவனந்தபுரம் போவாங்க, நீயும் பின்னாலயே போ, அங்க நவராத்திரி மண்டபத்துல ஒம்பது நாளும் சுவாதித் திருநாள் மகாராஜா எழுதுன கிருதி பாடுவாங்க, யாரும் கைதட்டக் கூடாது. பொம்பள யாரும் அங்க பாடக் கூடாதுன்னும் இருந்துச்சு, 2006ல பாறசாலை பொன்னம்மாள் போய் உக்காந்து பாடுன பெறவுதான் அது தீந்துச்சு, அப்ப அவங்களுக்கு வயசு 80 தாண்டியாச்சு. மத்ததெல்லாம் கூகுள்ல இருக்கு, என்ன விட அது நல்லா சொல்லும். வீடியோ எடுக்கது உன் இஷ்டம். எடுத்தவங்க யாரும் அத திருப்பிப் போட்டு பாத்ததா எனக்குத் தெரியல, அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வாறேன். கடைசில போறபோக்குல எழுதுனியே, அப்பா கொடைக்கு வரி கேட்டு மெசேஜ் போடுறாருன்னு, அத வாசிச்சதும் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. ஏன்னா இந்த சித்திரைல எங்க ஊரு கொடைக்கு கூட்டம் போட்டப்ப நானும் போயிருந்தேன், அன்னைலேருந்து மண்டைக்குள்ள இதேதான் ஓடிட்டு கெடக்கு. கூட்டத்துல என்ன சண்டைன்னா, சினிமாப் பாட்டு கானமேளாவா, வில்லுப்பாட்டா. பயலுவ எல்லாம் கானமேளா வேணும், எல்இடி வால் வேணும், சிங்காரிமேளம் வேணும்னு நிக்கானுவ. பெரியவங்களுக்கு வில்ல விட மனசில்ல, ஆனா வாயத் தொறந்து சொல்லவும் தெம்பில்ல. கடைசில தீர்ப்பு என்ன தெரியுமா, ரெண்டும் உண்டு, வில்லு சாயங்காலம் நாலு மணிக்கு, கானமேளா ராத்திரி ஒம்பதுக்கு. சித்திர வெயில்ல தகரப் பந்தலுக்குக் கீழ, நாலு மணிக்கு! அண்ணாவி, அதான் வில்லுக்கு தலைமைப் பாட்டுக்காரரு, வந்து வில்லக் கட்டி உக்காந்து பாடுகாரு, எதுக்க நூறு பிளாஸ்டிக் சேரு, அதுல ஆச்சிமாரு நாலஞ்சு பேரு, மிச்ச சேர்ல மைக்செட்காரன் வயரு சுத்திப் போட்டிருக்கான்.

நீ கிளாஸ்டன்பரிக்கு குடுத்தது 373 பவுண்டு 50 பென்ஸ், அதுக்கு மேல புக்கிங் ஃபீஸ் வேற. நம்ம பணத்துக்கு 40,000 தாண்டும். அரமணிக்கூருக்கு கொஞ்சம் கூட, அதுக்குள்ள எல்லா டிக்கெட்டும் வித்துப்போச்சுன்னு நானும் வாசிச்சேன். அதுல எனக்கு ஒரு குத்தமும் இல்ல மக்ளே, நைட் ட்யூட்டி பாத்து சம்பாதிச்ச காசு, நீ கேக்காம யாரு கேப்பா. அப்பா ஏசுனா ஏசட்டும். 1970ல அந்த மைக்கேல் ஈவிஸ்ங்க மாட்டுப்பண்ணக்காரரு தொடங்கும்போது டிக்கெட்டு ஒரு பவுண்டு, வந்தவனுக்கெல்லாம் பண்ணைலருந்து பாலு சும்மா குடுத்தாராம். இப்ப ரெண்டு லட்சம் பேருக்கு மேல கூடுகாங்க. அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்க புல்லு தேறட்டும்னு நெலத்த சும்மா போடுகாங்க பாரு, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது. மாடு மேயிற நெலம்ங்க நெனப்பு இன்னும் போகல.

ஆனா டிக்கெட்டு எடுத்தவளுக்கு என்ன உரிமை உண்டு? உள்ள போலாம், கேக்கலாம், நல்லால்லன்னா ட்விட்டர்ல எழுதலாம், போய்ட்டு வந்துரலாம். வரி குடுத்தவன் கத வேற. கல்யாண வீட்ல பந்தில உக்காந்து சாப்பிடுறவனுக்கும் எல விரிச்சு வெளம்புறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். தலக்கட்டு வரி, அதான் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு பிரிக்கது, அத குடுத்த ஒவ்வொரு வீடும் அந்த ராத்திரிக்கு வீட்டுக்காரன், பாட வந்த அண்ணாவி அவன் வீட்டுக்கு வந்தவரு. எந்த வில்லுக்காரர கூப்பிடணும், எந்த கத பாடணும், நடுராத்திரி சாமக்கொடைக்கு எத்தன மணிக்கு சாமி வரத்து பாடணும், எல்லாத்துக்கும் அவனுக்கு வாய் உண்டு. வாய் இருக்கதுனாலதான் கொடைக்குக் கொடை சண்ட நடக்கு. அந்த சண்டையும் கச்சேரில சேந்ததுதான், சண்ட இல்லாத கொடைய நான் கண்டதில்ல.

ஒண்ணு சொல்லுகேன் கேளு. நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க ஊர்ல ஒரு ஆச்சி உண்டு, வயலு வேலைக்குப் போறவ, புருஷன் இல்ல. ஊர்ல எல்லாரும் குடுத்து முடிச்ச பெறவு வரிக் காச முந்தில முடிஞ்சு வச்சு கடைசியா கொண்டு குடுப்பா. அன்னைக்கு நீலி கத. கள்ளியங்காட்டு நீலிதான், பழிவாங்க ஒரு செட்டியாரத் தொடர்ந்து போன பேயி, நம்ம பார்வதிபுரம் பக்கத்து ஆளு. பாடுனவரு நல்ல அண்ணாவி, பனங்கம்பு வில்லு, கவுத்துல வரிசையா மணி, ரெண்டு கையிலயும் வீசுகோலு, அவரு ஒரு வரி சொன்னா பக்கத்துல உடுக்கக்காரன் "ஆமா"ன்னு இழுப்பான், குடக்காரன் குடத்து வாயில மட்டய வச்சு ஒரு அடி அடிச்சான்னா நமக்கு அடிவயித்துல கேக்கும். ராத்திரி நல்லா ஏறியாச்சு. பூசைக்கு நேரம் ஆவுதுன்னு கோயில்காரன் சைகை காட்டுகான். அண்ணாவி என்ன செஞ்சாரு, கதய கொஞ்சம் சுருக்கி, நீலி அந்த செட்டியாருக்குப் பின்னால நடந்து போற எடத்துக்கு ஒரே தாவா தாவிட்டாரு. அப்ப பந்தலுக்கு பின்னாலருந்து ஒரு சத்தம்: "ஓய் அண்ணாவி, கள்ளிக்கொம்ப விட்டுட்டு எங்க போறீரு?"

அந்த ஆச்சி எந்திரிச்சு நிக்கா. கள்ளிக்கொம்ப ஒடிச்சு இடுப்புல வச்சு அத புள்ளையாக்கிக் கொண்டு போறதுதான நீலி, அத விட்டுட்டா அவ வெறும் பேயில்லா. அண்ணாவி சிரிச்சாரு. வீசுகோல மடில வச்சாரு, வெத்தலய ஒதுக்கிட்டு, "ஆச்சி சொல்லுகது நியாயம்"ன்னு மைக்குலயே சொல்லிட்டு, திரும்பப் போயி அந்த கள்ளிக்கொம்ப நிதானமா ஒடிக்க ஆரம்பிச்சாரு. இலை எப்படி இருந்துச்சு, முள்ளு எங்க குத்துச்சு, பாலு எப்படி வடிஞ்சுது, அது வாய் தொறந்து அம்மான்னு எப்ப கூப்பிட்டுது, எல்லாம். பூசை கெடந்துச்சு. கோயில்காரனும் வாய மூடிட்டு நின்னு கேட்டான்.

நீ நீல் யங்கிட்ட போயி அந்த மூணாவது பாட்டுல ஒரு அடிய விட்டுட்டீருன்னு சொல்ல முடியுமா? சொல்லணும்னு உனக்கு தோணுமா மொதல்ல? அவரு உனக்குத் தந்தாரு, நீ வாங்கிட்ட, முடிஞ்சு. ஆச்சிக்கு அண்ணாவி பாடுகது அவளுக்கில்ல, அம்மனுக்கு. அம்மனுக்குப் போறதுல கொறை வரப்படாது, அவ்வளவுதான் அவ கணக்கு. வில்லு பாடுகவனும் கூட்டத்த பாத்து பாடுகதில்ல, சந்நிதிய பாத்துத்தான் உக்காருவான். பந்தல்ல ஆளு இருந்தாலும் பாடுவான், இல்லாட்டியும் பாடுவான். எங்க ஊர்ல நாலு மணி வெயில்லயும் அந்த மனுஷன் ஒரு வரி கொறைக்கல, ஆனா இந்த தடவ அவரு கொறைச்சிருந்தா கேக்கதுக்கு ஒரு நாதி கிடையாது. அதுதான் என் வயித்தெரிச்சல். பாடுறவங்க இல்லன்னு எல்லாரும் பொலம்புகாங்க, கள்ளிக்கொம்பு எங்கன்னு கேக்க ஆளில்லன்னு எவனாவது பொலம்புகானா?

இதுக்கு ஒடனே "நாட்டுப்புறக் கலைய பாதுகாக்கணும்"னு யாராவது கமென்ட் போட்டா எனக்கு கெட்ட கோவம் வரும், இப்பமே சொல்லிட்டேன். ஒழுகினசேரில 1908ல பொறந்த நம்ம கலைவாணர் என்.எஸ்.கே. வில்ல பெரிய மேடைக்குக் கொண்டு போனாரு, காந்தி கதையும் பாடுனாரு, சந்தோஷம். அதுக்கு பெறவு குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வில்லு, எய்ட்ஸுக்கு வில்லு, ஓட்டு போடச் சொல்லி வில்லு. அதெல்லாம் இருபது நிமிஷ வில்லு, கலெக்டர் எந்திரிச்சதும் முடிஞ்சிரும். அத நான் தப்புன்னு சொல்லல, அதுக்கு வரி பிரிக்கலன்னு மட்டும் சொல்லுகேன்.

நீ நெனைக்கது எனக்குத் தெரியும், இந்த ஆளு வரிய தூக்கி தலையில வச்சு ஆடுகானேன்னு. வரில கொடுமையும் உண்டு மக்ளே. ஒரு வீட்ல வரி வாங்கலன்னா அந்த வீட்ட ஊரு தள்ளி வச்சிருச்சுன்னு அர்த்தம், அத நானே கண்ணால பாத்திருக்கேன், கொடை அன்னைக்கு அந்த வீட்டு பிள்ளைங்க சன்னல் கம்பிய பிடிச்சுட்டு நிக்கும். இன்ன சாதிக்கு இன்ன கோயிலு, அடுத்தவன் வரி இங்க செல்லாது. அந்த கணக்குல டிக்கெட்டு எவ்வளவோ மேல, காசு குடுத்தா யாரு மவன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நீ ஒத்தையில போயி கூட்டத்துக்கு நடுவுல நின்னு அழுதியே, அங்க யாரும் உன்ன பாக்கல, நாளைக்கு ஊர்ல யாரும் பேச மாட்டாங்க. நம்ம கொடைல ஒரு வயசுப் பிள்ள அப்படி நின்னு அழ முடியுமா? சாமி வந்துருச்சும்பாங்க, இல்லாட்டி யாரயோ நெனச்சு அழுகான்னும்பாங்க. நீ அழுதது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். ராத்திரி முழுக்க அடுத்தவங்க வலிய பாத்துட்டு வந்தவளுக்கு அது எறங்க ஒரு எடம் வேணும்லா.

அந்த ப்ராம்ஸ பத்தி இன்னொண்ணு. 1895ல தொடங்குனது, குயின்ஸ் ஹால்ல நடந்துட்டிருந்துச்சு, 1941ல ஜெர்மன்காரன் குண்டு போட்டு அத எரிச்ச பெறவுதான் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்துச்சு. அங்க நின்னு கேக்க கூட்டம், பியானோ மூடிய தூக்கும்போது கீழ நிக்கவங்க "ஹீவ்"னு கத்த மேல கேலரில நிக்கவங்க "ஹோ"ன்னு பதில் சொல்லுவாங்களாம், நீயும் கத்துனியா இல்லியான்னு எழுதல. வருஷா வருஷம் அதே எடத்துல நிக்க ஆளுங்க, முடிஞ்சு போகும்போது வாசல்ல வாளிய நீட்டி பாட்டுக்காரங்க நலனுக்கு காசு பிரிப்பாங்க. அந்த 8 பவுண்டு கூட்டத்துக்கு கொஞ்சம் வரி வாசன அடிக்கு. நீ அங்கதான அழுத? 373 பவுண்டு குடுத்த எடத்துல அழலியே. இத யோசி, எனக்கு பதில் வேண்டாம்.

அப்பறம் அந்த "நம்ம ஊர்ல ஒண்ணும் கிடையாது". இத எழுத உனக்கு எப்படி கை வந்துச்சு? இரணியல்லேருந்து தக்கலைக்கு பஸ்ல எவ்வளவு நேரம்? ரஜப் மாசம் பதினாலாம் ராவுல பீர் முகம்மது அப்பா தர்காவுல அவரு எழுதுன ஞானப்புகழ்ச்சி பாடுகாங்க, விடிய விடிய, அத்தனையும் தமிழு, யாரும் டிக்கெட்டு கேக்க மாட்டாங்க. திருவட்டாறு ஆதிகேசவன் கோயில் திருவிழாவுல கதகளி. கடக்கரை ஊர்கள்ல சர்ச் திருநாளுக்கும் வீட்டுக்கு வீடு வரி உண்டு, ராத்திரி இன்னிசை உண்டு, சண்டையும் உண்டு. சித்திர வைகாசில தோவாளை பூ மார்க்கெட்ல போயி நில்லு, யாராவது ரெண்டு கொட்ட நெறய பிச்சியும் அரளியும் வாங்கிட்டுப் போனா அவங்க பின்னாலயே போ, ஏதாவது ஒரு கொடைல கொண்டு விடும். ஒண்ணும் கிடையாதாம். ஒனக்கு நோட்டீஸ் வாட்ஸாப்ல வரலன்னு சொல்லு, ஒத்துக்கிடுகேன்.

பேரு விஷயம் மட்டும் நீ சொன்னது சரி. தலக்கட்டுன்னா கல்யாணம் ஆன ஆம்பளதான் கணக்கு, காசு அனுப்புறது நீ, ரசீதுல பேரு அப்பாவுக்கு. எங்க ஊர் ஆச்சி பேரயும் ஒரு நோட்டீஸ்லயும் போட்டதில்ல, வருஷா வருஷம் வரி குடுத்தவ. அதுக்கு நீ கோவப்படு, அப்பாட்ட கோவப்படாத, அவரு என்ன செய்வாரு பாவம்.

செவ்வாக்கிழமைக் கொடையா உங்க ஊர்ல? மொத நாள் குடியழைப்புக்கே வந்துரு, மறுநாள் ராத்திரி ஒறக்கம் கெடையாது. இந்த வாட்டி வாய்ஸ் மெசேஜ் வந்ததும் அப்பாவ கூப்பிட்டு, வரி அனுப்புகேன், ஆனா ரசீது என் பேர்ல வேணும்னு சொல்லு. கமிட்டிக்காரன் வழக்கமில்லன்னு சொல்லுவான், பொம்பளைக்கு எப்படி வரி எழுதன்னு கேப்பான். எழுதினாதான் காசுன்னு சொல்லிரு. எழுதிருவான், காசுக்கு முன்னால வழக்கம் ரொம்ப நேரம் நிக்காது. ரசீது கைக்கு வந்ததும் அடுத்த மெசேஜ் போடு, வில்ல நாலு மணிக்கு வச்சா நான் வரல, சாமக்கொடைக்கு வைங்கன்னு. யாரு வில்லுன்னு முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுது, நீலி கத பாடுறவருன்னா நானும் வாறேன்.