ஃபேஸ்புக்கை அழிக்கும் முன்...

கேள்வி: நண்பர்கள் எல்லோரும் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் என்று போய்விட்டார்கள். 12 ஆண்டுப் படங்கள் உள்ள என் ஃபேஸ்புக் கணக்கை அழித்துவிடலாமா?

பதில்: படங்கள் கைக்கு வரும்வரை வேண்டாம். 2014-ல் ஆர்குட், 2019-ல் கூகுள் பிளஸ் ஆகிய சமூக வலைத்தளங்கள் மூடப்பட்டபோது, நகல் எடுக்காதவர்களுக்குப் போனது போனதுதான்.

அமைப்புகளில் உங்கள் தகவலின் நகலைத் தரவிறக்கும் வசதியைத் தேடுங்கள். கால அளவு முழுவதும், படத்தரம் உயர்வு, வடிவம் எச்டிஎம்எல் (உலாவியில் திறந்து பார்க்கக்கூடியது) என்று வையுங்கள். தரத்தைக் கவனிக்காமல் விட்டால் படங்கள் சுருங்கி வரும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். தரவிறக்க இணைப்பு சில நாள்களே இருக்கும். தரவிறங்கிய ஜிப் கோப்பைத் (சுருக்கிக் கட்டிய கோப்பு) திறந்து பார்த்த பிறகே கணக்கை அழியுங்கள். 30 நாளுக்குள் மனம் மாறினால் மீட்கலாம்.

ஃபேஸ்புக் வழியாக நுழையும் பிற செயலிகளுக்கு முன்பே தனிக் கடவுச்சொல் வையுங்கள். மெசஞ்சர் வேண்டுமென்றால், அழிக்காமல் கணக்கைத் தற்காலிகமாக முடக்கினாலே போதும்.