விற்ற கார் உங்கள் பெயரில், வாங்கிய கார் வேறொருவர் பெயரில்

கேள்வி: குடும்பத்தோடு வெளியூர் போக ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்.யூ.வி. வேண்டும் என்று, ஐந்து மாதம் முன்பு கோவையில் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 2016 மாடல் வண்டியை 7,90,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் பழைய சின்னக் காரை எக்சேஞ்சில் 1,90,000-க்கு எடுத்துக்கொண்டார். 5,25,000 வங்கி வழியாகக் கொடுத்தேன். மீதி 75,000-க்குப் பின்தேதி போட்ட செக். மீட்டரில் 71,000 கிலோமீட்டர் காட்டியது. ஊட்டி மலை ஏறும்போது கரும்புகை. வண்டி இழுக்கவே இல்லை. மாமனார், மைத்துனர் எல்லோர் முன்னாலும் அவமானம். சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் 2022-லேயே 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டர்போவும் இன்ஜெக்டரும் மாற்ற 1,10,000 ஆகுமாம். ‘இன்ஜினுக்கு நான் கியாரண்டி’ என்று வாயால் சொன்ன வியாபாரி இப்போது போனே எடுப்பதில்லை. பெயர் மாற்றிவிட்டால் வண்டியைத் திருப்பித் தர முடியாது என்று ஆர்.சி.யை இன்னும் என் பெயருக்கு மாற்றவில்லை. பழைய காரின் ஆர்.சி.யையும் கையெழுத்துப் போட்ட படிவங்களையும் அன்றே கொடுத்துவிட்டேன், அது முடிந்த கதை. செக்கை வங்கியில் நிறுத்தலாமா? 420 கேஸ் போடலாமா? முழுப் பணமும், மன உளைச்சலுக்கு 5 லட்சமும் கிடைக்குமா?
— ஈரோடு வாசகர்

பதில்: ஊட்டி, மாமனார், அவமானம் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுவோம். வியாபாரி போன் எடுக்காததும் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் சட்டப்படி மிகவும் ஆபத்தான வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றுதான்: ‘அது முடிந்த கதை’ என்கிறீர்களே, அந்தப் பழைய கார். அது முடியவில்லை. படிவங்களில் நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பீர்கள்; வாங்குபவர் பெயரும் தேதியும் காலியாக இருந்திருக்கும். அப்படியே கையில் வைத்திருந்து அடுத்த ஆளுக்கு விற்பதுதான் இந்தத் தொழிலில் நடப்பது. தன் பெயருக்கு ஒரு முறை மாற்றும் செலவு வியாபாரிக்கு மிச்சம். ஆக, உங்கள் கார் இன்று யார் கையில் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டில் மட்டும் அதன் சொந்தக்காரர் நீங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 2(30) என்று ஒன்று உண்டு. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கில் பதிவுபெற்ற உரிமையாளர் காரை விற்றது 2007-ல், விபத்து நடந்தது 2009-ல். இடையில் கார் கை மாறிக்கொண்டே போயிருந்தது. இன்சூரன்ஸ் கிடையாது. உயர் நீதிமன்றம் பொறுப்பைப் பின்னால் வாங்கிய ஒருவர் மேல் போட்டது; உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. காரணமும் நியாயமானதுதான். அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது.

இதில் என் கட்சிக்காரர்கள் விழுகிற குழி ஒரே மாதிரிதான் இருக்கும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எம்.சி.ஓ.பி. நோட்டீஸ் வரும். ‘நான்தான் அந்தக் காரை விற்றுவிட்டேனே’ என்று அதைக் கிழித்துப் போடுவார்கள், அல்லது பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடும். அப்புறம் நிறைவேற்று மனு, வீட்டின் மேல் ஜப்தி. அப்படி ஜப்தி நோட்டீஸோடு என்னிடம் வந்த ஒருவர், காரை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார். தேதி, நேரம், வியாபாரி கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் காகிதத்தை வைத்து வியாபாரி மேல் தனியாக வழக்குப் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். அடிபட்டவர் குடும்பத்துக்கு முதலில் பணம் கட்ட வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ள அந்தக் கட்சிக்காரர்தான். வட்டியோடு. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் கம்பெனி கட்டிவிடும், பிரச்சினை இல்லை. எக்சேஞ்சில் போன காருக்கு யார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறார்கள்? நீங்கள் விட்டுவிட்டீர்கள். வாங்கியவருக்கோ பாலிசி எப்போது முடிகிறது என்றே தெரியாது.

விபத்து மட்டுமா? சிக்னலில் விழும் இ-சலான் உங்கள் போனுக்கு வரும். 18 வயது ஆகாத பையன் ஓட்டி மாட்டினால், பிரிவு 199ஏ பெற்றோரோடு வாகன உரிமையாளரையும் சேர்க்கிறது: 3 வருடம் வரை சிறை, 25,000 அபராதம். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில்.

ஆகவே இன்றைக்கே பழைய காரின் நம்பரை அரசின் வாகனப் பதிவு விவரத் தளமான பரிவாகனில் போட்டுப் பாருங்கள். பெயர், இன்சூரன்ஸ், சலான் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இன்சூரன்ஸ் இல்லை என்றால், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உங்கள் பெயரிலேயே உடனே எடுத்துவிடுங்கள். 1000 சி.சி.க்குள் அடங்கும் காருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2,100 ரூபாய்தான். ‘வேறொருவன் ஓட்டுகிற காருக்கு நான் ஏன் கட்டணும்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்காகக் கட்டுகிறீர்கள்.

அடுத்து, விற்ற விவரத்தை டெலிவரி நோட்டு நகலோடு, கார் பதிவான ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 50-ன்படி விற்றவர் 14 நாளில் செய்ய வேண்டிய வேலை இது. கெடு தாண்டிவிட்டது, பரவாயில்லை. பதிவு மாறாத வரை இந்தக் கடிதம் மட்டும் உங்களை முழுதாகக் காப்பாற்றாது. ஆனாலும் வியாபாரி மேல் நீங்கள் போடப்போகும் வழக்குக்கு அது ஆதாரம். அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற வியாபாரியா என்றும் விசாரியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி-யில் தெரிவித்துவிட்டால், அதன்பின் பொறுப்பு அவருடையது. உங்களிடம் வாங்கியது பெயர் மாற்றப் படிவங்களான 29, 30 மட்டும் என்றால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

இப்போது எஸ்.யூ.வி. பெயர் மாற்றாமல் வைத்திருப்பது சாமர்த்தியம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அதனால் உங்களுக்குத்தான் நஷ்டம். நீங்கள் யார் மேலாவது மோதினால் பிரிவு 157-ன்படி பாலிசி வண்டியோடு சேர்ந்து வந்துவிட்டதாகக் கொள்ளப்படும். மூன்றாம் நபருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் உங்கள் வண்டியின் சொந்தச் சேதம் அதில் வராது. கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளைக்கு ஒரு லாரி இடித்தால், ‘பாலிசி உங்கள் பெயரில் இல்லையே’ என்று ஒரே வரியில் கடிதம் வரும். 7,90,000 அங்கேயே போகும்.

சரி, பெயர் மாற்றினால் திருப்பித் தரும் உரிமை போய்விடுமா? அது பெயர் மாற்றத்தால் போவதில்லை. சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 42-ன்படி, சரக்கைத் தன் பொருளாகப் பயன்படுத்தினாலோ, மறுப்பு சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். நீங்கள் ஐந்து மாதம் ஓட்டிவிட்டீர்கள், ஊட்டிக்கும் போய்வந்துவிட்டீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு, பொதுவாக நஷ்ட ஈடு கேட்கலாம். வண்டியைத் திருப்பி முழுப் பணம் வாங்குவது கடினம். ஆர்.சி.யை மாற்றாமல் வைத்து நீங்கள் காப்பாற்றி வருவது ஏற்கெனவே கையை விட்டுப் போன ஒன்றை. சர்வீஸ் சென்டர் விவரம் கிடைத்த அன்றே எழுத்தில் மறுத்து வண்டியை நிறுத்தியிருந்தால் வேறு கதை.

  

செக்கை நிறுத்தாதீர்கள். ‘ஸ்டாப் பேமெண்ட்’ சொன்னால், செக் திரும்பினால் போடும் பிரிவு 138 கிரிமினல் வழக்கு வராது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். வரும். மோடி சிமெண்ட்ஸ் வழக்கில் 1998-லேயே முடிவான விஷயம் அது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால், ஏமாந்த நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள், ஏமாற்றியவர் புகார்தாரர் ஆவார். ‘வண்டியில் குறை இருந்தது, அவ்வளவு பாக்கி இல்லை’ என்று வாதாடலாம்தான். ஆனால் வாய்தா வாய்தாவாகக் கோவைக்கு அலையப்போவது நீங்கள். அவர் செக்கை வங்கியில் போட்டால் உங்கள் கணக்கில் பணம் இருக்கட்டும். அல்லது போடுவதற்கு முன்பே பேசி அதைத் திரும்ப வாங்குங்கள். அந்த 75,000-தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி.

420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318. புகார் கொடுக்கலாம். ‘இது சிவில் விவகாரம்’ என்று சொல்லி சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதோடு போலீஸார் அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. மீட்டரைப் பின்னால் சுற்றியது யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. ‘எனக்கே அப்படித்தான் வந்தது’ என்பார். 2022-க்கும் நீங்கள் வாங்கியதற்கும் நடுவில் வண்டி யார் யாரிடம் இருந்தது என்று காட்ட முடியுமா?

நுகர்வோர் ஆணையம் நல்ல வழி. அவர் வியாபாரி, நீங்கள் குடும்பத்துக்காக வாங்கியவர்; பழைய வண்டி என்பது தடையில்லை. உங்கள் ஊரான ஈரோட்டிலேயே போடலாம். 5 முதல் 10 லட்சம் வரையான விலைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு வருடக் கெடு இருக்கிறது. சட்டம் 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ‘71,000 கி.மீ.’ என்று அவர் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் உங்கள் வழக்குக்கு உயிர் உண்டு. வாய் கியாரண்டியை நிரூபிப்பது கடினம். எஸ்.யூ.வி.யின் டெலிவரி நோட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சிட்டு உங்கள் கையெழுத்தும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்பதை மனுவில் எழுதலாம். கிடைக்காது.

ஆகவே சமரசம் பேசுங்கள் என்பேன். ரிப்பேர் செலவு 1,10,000. அவர் 75,000 செக்கை அசலாகத் திருப்பித் தந்து, எஸ்.யூ.வி.யின் பெயர் மாற்றத்தைத் தன் செலவில் முடித்து, உங்கள் பழைய காரை அதை வைத்திருப்பவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 35,000-க்காகச் சண்டை போட்டால் வக்கீல் ஃபீஸும் பஸ் செலவும் அதைத் தாண்டிவிடும். பேச மறுத்தால் ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். அதில் கரும்புகையை முதலில் எழுத வேண்டாம். அங்கீகாரம் இல்லாமல் வியாபாரம் செய்வது (விசாரித்ததில் அப்படித் தெரிந்தால்), காலிப் படிவத்தில் காரை விற்றது இந்த இரண்டும் முதல் பத்தியில் வரட்டும். வியாபாரிக்கு வாடிக்கையாளர் புகாரை விட ஆர்.டி.ஓ. மேல்தான் பயம்.

இதிலும் ஒரு இடத்தில் உஷார். செக்கைக் கையில் கொடுத்த உடனே ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய பேப்பரை நீட்டுவார். பழைய காரின் பெயர் மாற்றம் ‘அடுத்த வாரம்’ என்பார். பரிவாகனில் அந்த நம்பரைப் போட்டு வேறு ஒருவர் பெயர் வந்த பிறகுதான் அந்தப் பேப்பரில் கையெழுத்து. அதுவரை செக்கை வாங்கிக்கொண்டதற்கு மட்டும் ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள்.