ஆபரேஷன் ஆகி 4 நாள், பூனை இன்னும் காலை ஊன்றவில்லையா?

முழங்கால் சில்லு விலகியதற்கு ஆபரேஷன் என்றால், முதல் வாரம் காலைத் தூக்கியபடி நடப்பது சகஜம். ஊன்ற ஆரம்பித்த காலைத் திடீரெனத் தூக்கினால் எலும்பில் வைத்த உலோக ஊசி (pin) நகர்ந்திருக்கலாம், எக்ஸ்ரே பாருங்கள்.

பூனையைச் சோபாவில் படுக்கவைக்கிறீர்கள் என்றால், அதை இன்றே நிறுத்துங்கள். ஒரு தாவல் போதும், உள்தையல் பிய்ந்துவிடும். பெரும்பாலும் 6 வாரம் கூண்டுதான். பூனை கத்திக் கத்தி வீட்டை இரண்டாக்கும், இளகாதீர்கள்.

மலத்தட்டின் முன்விளிம்பு தாழ்வாக, 5 செ.மீ.க்குள் இருக்கட்டும். மணல் காயத்தில் ஒட்டும்; தையல் பிரிக்கும்வரை கிழித்த செய்தித்தாள் போடுங்கள்.

பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பட்டினி நீண்டால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.