சுறாவுக்கு ஏன் முள் இல்லை?

கேள்வி: பால்சுறாவை வேகவைத்துப் புட்டுக்கு உதிர்த்தால், நடுவில் வெள்ளையாக ஒரு தண்டுதான் வருகிறது. எலும்பு உருவாகும் முன்பே பிரிந்துவிட்ட பழைய மீன் இது என்கிறார்களே, சரியா?
- வாசகி, காசிமேடு

பதில்: நீங்கள் பார்த்த தண்டு எலும்பு அல்ல, வளைந்துகொடுக்கும் குருத்தெலும்பு; அதுவரை சரி. 'உருவாகும் முன்பே' என்பதுதான் இடிக்கிறது. மங்கோலியாவில் கிடைத்த, ஏறத்தாழ 41 கோடி ஆண்டுப் பழமையான, சுறாக்கள் பிரியும் முன்பே கிளைத்த வகையைச் சேர்ந்த கவச மீன் ஒன்றின் மண்டைக்குள் எலும்பு இருந்தது 2020-இல் தெரியவந்தது. ஆகவே சுறாவின் முன்னோருக்கு எலும்பு இருந்து, பிறகு போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்படிப் போனது? சுறாவுக்குத் தூரத்து உறவான யானைச்சுறாவின் மரபணுத் தொகுதியை 2014-இல் வெளியிட்டார்கள். எலும்பு செல்லை உருவாக்கும் ரன்எக்ஸ்2 போன்ற மரபணுக்கள் அதில் பத்திரமாக இருந்தன. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் எஸ்சிபிபி வகை மரபணுக்களைத்தான் காணோம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விற்கும் ஜீப்ரா மீன் இருக்கிறதே, அதன் குஞ்சில் இவ்வகை மரபணு ஒன்றை அடக்கியபோது எலும்பு உருவாவது குறைந்தது. இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்வது அவசரம்.

சுறாவுக்குக் கால்சியமே ஏறாது என்றும் நினைத்துவிடாதீர்கள். பல் கெட்டியானது, தோலின் சொரசொரப்பும் பல்லின் சரக்குதான். மீன் வெட்டுபவரிடம் தாடையைக் கேட்டு வாங்கி, கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி, சதையைச் சுரண்டிவிட்டு 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். மொசைக் தரைபோலக் கால்சியம் ஏறிய நுண்ணிய ஓடுகள் தெரியும். அதிகம் கொதித்தால் அவற்றைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக இளகி ஓடுகள் கழன்றுவிடும். வெயிலில் வைத்தாலும் கெட்டுப்போகும்: குருத்தெலும்பில் பெரும்பங்கு நீர் என்பதால் தாடை சுருங்கி முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் தெருப் பையன் இரண்டு தோள்களையும் முன்னால் கொண்டுவந்து ஒட்டவைக்கிறான். 12 வயதாகியும் பால்பல் விழவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. மேலே சொன்ன ரன்எக்ஸ்2-இன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால் தோளைத் தாங்கும் காறை எலும்பு சிறுத்துப்போகும், அல்லது இல்லாமலே போகும்; அதனால்தான் தோள்கள் முன்னால் ஒட்டும். உச்சிக்குழி மூடவும் தாமதமாகும். 1997-இல் கண்டறிந்தது இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு. பெற்றோர் இருவரும் நலமாக இருந்தும் புதிதாக வருவதும் உண்டு. மார்பு எக்ஸ்ரேயும் பல்வரிசை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயும் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அவசரப்பட்டுப் பால்பல்லை மட்டும் பிடுங்கவேண்டாம்: ஈறுக்குள் கூடுதல் பற்கள் வழிமறித்து நிற்கும், நிலைப்பல் தானாக மேலே வராது. அறுவையும் கம்பி கட்டுவதும் சேர்ந்த திட்டம் வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம்.