பை போர்டில் யூஇஎஃப்ஐ போட்டு லினக்ஸ் ஏற்றுவதால் என்ன பயன்?

கேள்வி: ராஸ்பெர்ரி பை, ஆரஞ்ச் பை மாதிரி போர்டுகளில் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் போட்டு லினக்ஸ் பூட் செய்யலாம் என்கிறார்கள். எஸ்டி கார்டில் இமேஜ் எழுதிச் செருகினாலே ஓடும்போது இது எதற்கு? செய்வதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

யூஇஎஃப்ஐ என்பது போர்டு விழித்ததும் ஓஎஸ்ஸைத் தேடி ஏற்றும் பொதுவான ஃபர்ம்வேர் முறை, இன்றைய லேப்டாப்களில் இருப்பதும் அதுதான். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பை, அதில் கேமராவோ ஹேட்டோ (மேலே மாட்டும் துணை போர்டு) மாட்டியிருக்கிறீர்கள் என்றால் இது வேண்டாம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் அந்த வேலைக்காகவே செய்தது, அதிலேயே இருங்கள். பல வகை போர்டுகள் கையில் இருக்கின்றன, நீங்கள் இல்லாத நேரத்தில் இன்னொருவர் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் யூஇஎஃப்ஐ நிச்சயம் வேண்டும். நான் இரண்டாவது வகை.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். இரண்டு பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் மோட்டார் அறையில் ஒரு சின்ன போர்டு வைத்து, போர்வெல் மோட்டார் ஓடும் நேரம், தொட்டி மட்டம், மண் ஈரம் எல்லாம் பதிவு செய்து தருகிறேன். 2021, 2022-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது பை 4 கிடைக்கவே இல்லை. கோயம்புத்தூர் கடைகளில் எது இருந்ததோ அதை வாங்கி மாட்டினோம். அதனால் இன்று ஒரு தோப்பில் பை 4, அடுத்ததில் ராக்ப்ரோ64, இன்னொன்றில் ஆரஞ்ச் பை 5. ஒவ்வொன்றுக்கும் தனி இமேஜ், தனி கர்னல், தனி அப்டேட் முறை. தோப்புக்காரர் கேட்பது ஒன்றுதான்: "எந்த போர்டா வேணா இருக்கட்டுங்க தம்பி, கெட்டா நாளைக்கே ஓடணுமுங்க."

நாளைக்கே ஓட வேண்டும் என்றால் நான் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது. இங்கே கேரளப் பள்ளிகளில், பள்ளிக் கணினிக் கல்வியைப் பார்க்கும் கைட் என்ற அரசு அமைப்பின் உபுண்டு வழி லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இன்ஸ்டால் செய்யத் தெரிந்த பிளஸ் டூ பிள்ளை தெருவுக்கு ஒன்று உண்டு. ராக்ப்ரோ64, ஆரஞ்ச் பை 5 இரண்டிலும் இருக்கும் ராக்சிப் நிறுவனச் சிப்பின் பூட்லோடர் (ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் சின்ன நிரல்) கார்டில் எந்த செக்டரில் உட்காரும் என்று தெரிந்த பிள்ளை கிடையாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. யூஇஎஃப்ஐ அந்தச் சுமையை எடுத்துவிடுகிறது. போர்டு விழித்ததும் பென் டிரைவில் இஎஃப்ஐ/பூட் என்ற ஃபோல்டருக்குள் பூட்ஏஏ64.இஎஃப்ஐ என்ற கோப்பைத் தேடும், இருந்தால் ஓட்டும். 64-பிட் ஏஆர்எம் போர்டு எதுவானாலும் இதே பெயர், இதே இடம். டெபியனின் பொதுவான ஏஆர்எம்64 இன்ஸ்டாலர் அப்படியே மேலே வரும், வீட்டு லேப்டாப்பில் வருவதைப் போல.

இப்போது பை 4-இல் எப்படி என்று பார்ப்போம். அதில் முதலில் விழிப்பது ஏஆர்எம் சிபியு அல்ல, கிராபிக்ஸ் பகுதியான வீடியோகோர். போர்டிலேயே இருக்கும் ஈஈப்ராம் என்ற சின்ன நினைவகச் சிப்பிலிருந்து தொடங்கி, எஸ்டி கார்டின் ஃபேட் பார்ட்டிஷனுக்கு வந்து, கான்ஃபிக்.டெக்ஸ்ட் கோப்பைப் படித்து, அதில் சொன்னதை ஏற்றிவிட்டுத்தான் ஏஆர்எம் பக்கம் கொடுக்கும். இந்த வரிசையை மாற்ற முடியாது. கர்னலுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ-யை ஏற்றச் சொல்லலாம், அவ்வளவுதான். டியானோகோர் என்ற திறந்த மூலத் திட்டத்தின் இடிகே2 மூலத்திலிருந்து பை 4-க்கென்று கட்டிய ஃபர்ம்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த ஜிப்பை விரித்து, ஃபேட்32 ஆக்கிய சின்னக் கார்டில் எல்லாவற்றையும் போடுங்கள். கார்டு போர்டிலேயே இருக்கட்டும், லினக்ஸை யூஎஸ்பி எஸ்எஸ்டியில் ஏற்றுங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் மோட்டார் அறைக்கு இந்தப் பிரிவு ரொம்ப நல்லது. கார்டில் தினசரி எழுத்து வேலையே இல்லை என்பதால் அது நீண்ட நாள் தாங்கும்.

பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டினால் செட்டப் மெனு. டிவைஸ் மேனேஜருக்குள் ராஸ்பெர்ரி பை கான்ஃபிகரேஷன், அதற்குள் அட்வான்ஸ்டு பகுதியில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ராமை 3 ஜிபிக்குள் கட்டுப்படுத்தும் அமைப்பு. பை 4-இன் சிப்பில் பிசிஐஇ வழியாக வரும் யூஎஸ்பி, ராமின் முதல் 3 ஜிபியைத்தான் நேரடியாகத் தொட முடியும் என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். புதிய கர்னல்கள் இதைத் தாமே சமாளிக்கும், எடுத்துவிடலாம். 2 ஜிபி போர்டுக்கு இந்தப் பேச்சே இல்லை.

மற்றது ஏசிபிஐ-யா டிவைஸ் ட்ரீயா என்ற தேர்வு. இதில்தான் பலர் சிக்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். போர்டில் என்னென்ன இருக்கின்றன என்று கர்னலுக்குச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஏசிபிஐ கணினி, சர்வர் உலகத்து வழி. டிவைஸ் ட்ரீ ஏஆர்எம் போர்டுகளின் வழி. பை 4-ஐ வெறும் சர்வராக வைப்பதென்றால் ஏசிபிஐ போதும். வெளிக் கருவிகளை இணைக்கும் ஜிபிஐஓ பின், அவற்றில் ஐ2சி முறையில் மாட்டும் சென்சார் எதையாவது தொடப் போகிறீர்கள் என்றால் டிவைஸ் ட்ரீயைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் வேலைக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் பை 4-இல் கடிகாரச் சிப் கிடையாது. நெட் இருந்தால் நேரம் தானாகச் சரியாகும். நெட் எடுக்காத தோப்புகளில் டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூலை ஐ2சியில் மாட்டியாக வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிற இடத்தில் மோட்டார் எப்போது ஓடியது என்ற பதிவின் நேரம் தப்பாக இருந்தால் அந்தப் பதிவால் யாருக்கும் உபயோகமில்லை.

அடுத்தது, இன்ஸ்டால் எல்லாம் முடிந்து ரீபூட் செய்தால் லினக்ஸ் வராமல் போவது. காரணம் எளிது. கணினிகளில் "எதை பூட் செய்ய வேண்டும்" என்ற குறிப்பை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதி வைப்பார்கள். பை 4-இல் யூஇஎஃப்ஐ எழுதிக்கொள்ள அப்படி ஒரு நினைவகம் இல்லை. யூஇஎஃப்ஐ அந்தக் குறிப்புகளைக் கார்டில் இருக்கும் ஆர்பிஐ_இஎஃப்ஐ.எஃப்டி என்ற தன் கோப்புக்குள்ளேயே எழுதிக்கொள்கிறது. செட்டப் மெனுவில் நீங்கள் மாற்றுவது நிற்கும். லினக்ஸ் ஏறிய பிறகு அது எழுதச் சொல்வது நிற்காது. இன்ஸ்டாலர் பதிவு செய்ததாகச் சொல்லும், மறுபடி ஆன் செய்தால் இருக்காது. அதனால் லினக்ஸை ஏற்றும் கிரப் என்ற பூட்லோடரை அந்தப் பொது இடத்திலேயே, பூட்ஏஏ64.இஎஃப்ஐ என்ற பெயரிலேயே வைத்துவிடுங்கள். டெபியன் இன்ஸ்டாலரை எக்ஸ்பெர்ட் முறையில் ஓட்டினால் ரிமூவபிள் மீடியா பாதையிலும் போடட்டுமா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். அதைத் தாண்டி வந்துவிட்டீர்களா, பரவாயில்லை. செட்டப் மெனுவின் பூட் மெயின்டனன்ஸ் பகுதியில் பூட் ஃப்ரம் ஃபைல் வழியாக ஒருமுறை ஏற்றிக்கொண்டு, கிரப்-இன்ஸ்டாலை ரிமூவபிள் ஆப்ஷனோடு ஓட்டினால் சரியாகிவிடும்.

மற்ற போர்டுகளுக்கு வருவோம். சின்ன போர்டுகளில் பரவலாக இருக்கும் பூட்லோடரான யூ-பூட் 2016 முதல் யூஇஎஃப்ஐ-யின் தேவையான பகுதியைத் தானே செய்து தருகிறது. ஆகவே ராக்ப்ரோ64 மாதிரி போர்டுக்குத் தனி ஃபர்ம்வேர் தேட வேண்டாம், புதிய யூ-பூட் போதும். ஆர்கே3588எஸ் சிப் உள்ள ஆரஞ்ச் பை 5-க்கு இடிகே2 வழியில் முழு யூஇஎஃப்ஐ-யே இருக்கிறது, செட்டப் மெனுவோடு. ஆனால் வீடியோ டிகோடிங், என்பியு (ஏஐ வேலைக்கான பகுதி) போன்றவற்றை நம்பி வாங்கியவர்கள் போர்டுக்காரர் கொடுக்கும் கர்னலிலேயே இருப்பது நல்லது.

ஃபர்ம்வேரை எங்கே எழுதுகிறீர்கள் என்பது இங்கே முக்கியம். ராக்சிப் போர்டுகள் கார்டின் 64-ஆவது செக்டரிலிருந்து பூட்லோடரின் முதல் கட்டத்தைப் படிக்கின்றன, யூ-பூட் 16384-ஆவது செக்டரில், அதாவது 8 எம்பியில் இருக்கும். இன்ஸ்டாலரோ பார்ட்டிஷனை 1 எம்பியிலேயே தொடங்கிவிடும், யூ-பூட்டின் மேலேயே எழுதிவிடும். ஆல்வின்னர் நிறுவனச் சிப் உள்ள போர்டுகளில் இன்னும் நெருக்கடி: முதல் கட்டம் 8 கேபியில், பார்ட்டிஷன் விவரம் இருக்கும் ஜிபிடி அட்டவணையோ முதல் 17 கேபியைப் பிடித்துக்கொள்ளும். போர்டில் எஸ்பிஐ ஃபிளாஷ் (போர்டிலேயே பதித்த சின்ன நினைவகச் சிப்) இருந்தால் ஃபர்ம்வேரை அதில் எழுதிவிடுங்கள், இந்தத் தகராறே வராது. ராக்ப்ரோ64-இலும் ஆரஞ்ச் பை 5-இலும் 16 எம்பி இருக்கிறது. எஸ்பிஐ இல்லாத போர்டை இந்த வேலைக்கு இனி நான் வாங்குவதாக இல்லை.

போர்டின் பூட் செய்திகளை லேப்டாப்பில் காட்டும் ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் ஒன்றும் வராதபோது எங்கே நின்றது என்று சொல்வது அது ஒன்றுதான். 3.3 வோல்ட் வகையாக இருக்கட்டும், 5 வோல்ட் சிக்னல் பின்னைக் கெடுத்துவிடும். பை 4-இல் 6-ஆவது பின் கிரவுண்ட், 8 அனுப்பும், 10 வாங்கும், வேகம் 115200. ராக்சிப் போர்டுகள் பெரும்பாலும் 1500000 வேகத்தில் பேசும். கடைகளில் சாதாரணமாகத் தரும் சிபி2102 சிப் உள்ள கேபிள் அந்த வேகத்துக்கு வராது, குப்பை எழுத்தாகத்தான் காட்டும். சிஹெச்340 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவு.